பெரும்பாலும் நின்றுவிடும்

ஹர்ரா முகாம்,
திங்கட்கிழமை

அன்புள்ள சல்ஹா அக்காவுக்கு, தம்பி முக்பில் எழுதுவது. உன் மேலும் பிள்ளைகள் மேலும், மரங்களைத் தவிர வேறெதையும் நினைக்காத மச்சான் மேலும் இறைவனின் சாந்தி இறங்கட்டும்.

தண்ணீர் லாரி ஓட்டும் ஜாபிர் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பேரீச்சம்பழ டப்பாவும் வந்தது. பாதியை அவனே வழியில் தின்றிருக்கிறான் என்பது கையில் வாங்கியதுமே தெரிந்தது. இங்கே கைப்பேசிக்கு வேலை இல்லை. செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்று உண்டு. அது எங்கள் ஆய்வுக் குழுத் தலைவரின் மேசை மேல் இருக்கிறது, அதில் பேசினால் கூடாரம் முழுக்கக் காது கொடுக்கும். அதனால் கடிதம்தான்.

ஊரைக் காலி செய்து உங்களைத் தங்கவைத்திருக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே சமையலறை, எந்தச் சட்டி யாருடையது என்று தினமும் பஞ்சாயத்து என எழுதியிருந்தாய். அந்தப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வது யார் என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. சின்னவள் ஹுஸ்னாவின் இருமல் நின்றதா? யன்புவின் கடற்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான் அப்போதே நினைத்தேன். ராத்திரியில் ஜன்னலைச் சாத்தி வை.

இனி மச்சான் விஷயம். அவர் சொன்னதை நீ ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருந்தாய். "தோட்டத்துல பேரீச்சம்பாளை வெடிக்க ஆரம்பிச்சிருக்கும். இப்ப ஆண் பூவைச் செருகிக் கட்டலேன்னா இந்த வருஷம் ஒரு காய் தங்காது. வருஷம் பூரா பிள்ளைங்க என்னத்தத் தின்னும்? உன் தம்பி படிச்சவன்தானே. அவன்கிட்ட ஒரே வார்த்தை கேளு. நான் ஊருக்குப் போலாமா, கூடாதா?"

ஒரே வார்த்தை: கூடாது. இதை மச்சானிடம் சொல்லிவிடு. மீதிக் கடிதம் உனக்கு. காரணம் தெரியாமல் நீ எதற்கும் தலையாட்ட மாட்டாய்.

நம் ஊர் உவைனாவுக்கு அடியில் பாறைக்குழம்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அது கெட்டிப் பாறையைப் பிளந்துகொண்டு வருகிறது. பிளக்கும்போதெல்லாம் தரை நடுங்குகிறது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் நடுங்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் அது போகும் வழி ஓரளவு பிடிபடும். உருண்டு திரண்டு வருவதில்லை. ஒரு கதவைச் செங்குத்தாக மண்ணில் புதைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒல்லியாக, அகலமாக வருகிறது. முதலில் வெகு ஆழத்தில் இருந்த நடுக்கங்கள் இந்த வாரம் மேலே வந்துவிட்டன. குழம்பு வெளியே கொட்டினால் ஊர் மிஞ்சாது. கொட்டாமலும் போகலாம். வந்த வழியிலேயே நின்று, ஆறி, அதுவும் ஒரு பாறையாகிவிடும்.

தலைவர் ஒவ்வொரு காலையிலும் என்னிடம், "வருமா, வராதா? மேலே இருந்து கேக்கறாங்கப்பா" என்கிறார். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசியில், முன்பு வந்தவை என்ன செய்தன என்றாவது பார்க்கலாம் என்று தண்ணீர் ஓடாத அந்த வாதிப் பள்ளத்தின் மேற்குச் சரிவுக்குப் போனேன். அங்கே சாம்பல் நிறப் பலகைக்கல்லை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு கறுப்புச் சுவர்கள் ஏறுகின்றன அல்லவா, அவை ஒவ்வொன்றும் இதே மாதிரி ஏறிவந்து இறுகிய குழம்புதான். மேலிருந்த மலை தேய்ந்து போனதால் இன்று நமக்கு அவற்றின் வயிறு தெரிகிறது.

சுவரின் விளிம்பில் கல் மாவு மாதிரி நுண்ணியது. குளிர்ந்த பாறையைத் தொட்டதும் குழம்பு சட்டென்று இறுகிவிட்டது, படிக மணிகள் வளர நேரம் கிடைக்கவில்லை. நடுவில் மணிகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. அங்கே மெதுவாக ஆறியிருக்கிறது. ஆனால் நான் தேடியது சுவரை அல்ல, பக்கத்துப் பலகைக்கல்லை. சூடு பட்ட இடத்தில் அது உருமாறிவிடுகிறது. தகடு தகடாகப் பிளக்கும் குணம் போய்விடும். புள்ளி புள்ளியாகப் புதிய தாதுக்கள் முளைத்திருக்கும். சுத்தியல் துள்ளித் திரும்பும். குழம்பு வந்து அப்படியே நின்றிருந்தால் ஒரு சாண் அகலத்துக்குத்தான் வெந்திருக்கும். அதே வழியாக நாள்கணக்கில் ஓடி மேலே கொட்டியிருந்தால் பல முழம் வெந்திருக்கும். ரொட்டி அடுப்பின் சுவரைப் பார்த்தே அது ஒரு வீட்டுக்கு எரிந்ததா, கல்யாணத்துக்கு எரிந்ததா என்று நீ சொல்லிவிடுவாய். என் வேலையும் அவ்வளவுதான்.

எவ்வளவு வெந்தது என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் குழுவில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் கல்லைச் சில்லாக வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, உராய்ப்புத் தூளும் தண்ணீரும் விட்டுக் கையாலேயே தேய்க்கிறேன். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிய வேண்டும். நுண்ணோக்கியில் குவார்ட்ஸ் மணி மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிமன் இருக்கிறது. வெளிறிய சாம்பலுக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டு ஓர் இழுப்பு இழுத்தால் கல்லே கரைந்து போய்விடும். அப்படிச் சிலவற்றைத் தொலைத்தும்விட்டேன். விரல் நுனி தேய்ந்து எரிகிறது, கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

பார்த்தவரையில் பெரும்பாலானவை வழியில் நின்றவைதான். குழம்பு பெரும்பாலும் நின்றுவிடும், அக்கா. ஆனால் நம் ஊரை ஒட்டிக் கறுப்புக் குன்றுக்குப் போகும் சுவர் ஒன்று இருக்கிறது. அது நிற்கவில்லை. அதன் பக்கத்தில் கல் எவ்வளவு தூரத்துக்கு வெந்திருக்கிறது என்று நடந்து பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குன்றே அதன் வழியாகக் கொட்டியதுதான். நடந்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும். இருந்தாலும் மச்சானைக் கட்டிப் போட்டாவது அங்கேயே வைத்திரு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஜாபிர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஹாரன் அடிக்கிறான்.

உன் தம்பி,
முக்பில்


ஹர்ரா முகாம்,
வெள்ளிக்கிழமை

சல்ஹா அக்காவுக்கு,

உனக்குச் சாந்தி உண்டாகட்டும். கோபமாக இருந்தாலும் சலாமை விட்டுவிட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

கடிதம் உனக்கு எழுதியது. நீ அதைப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்திருக்கிறாய். ஆண்கள் கூடத்தில் கேட்டார்களாம், அங்கேயும் அனுப்பி வைத்தாயாம். யார் வீட்டுக் கடிதமானாலும் அது ஊருக்கே வந்த கடிதம் என்பது நம் ஆட்களின் வழக்கம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

இன்று காலை ஜாபிர் சிரித்த முகத்தோடு வந்து இறங்கினான். "அண்ணே, உங்க கடுதாசியைக் கேட்டப்புறம்தான் எல்லாருக்கும் தொண்டையில சோறு இறங்குது. 'முக்பிலே எழுதிட்டான், நின்னுடுமாம்'னு ஊரே பேசிக்குது" என்றான். நான் எழுதிய முதல் வார்த்தை கூடாது என்பது. அது யார் காதிலும் தங்கவில்லை. பெரும்பாலும் என்ற சொல் பெண்கள் கூடத்தைத் தாண்டுவதற்குள் உதிர்ந்துவிட்டது. கறுப்புக் குன்றைப் பற்றி எழுதியதை யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். "ஏதோ ஆயிரம் வருஷத்துக் கதைன்னு சொன்னாங்கண்ணே" என்றான்.

அதற்குப் பிறகுதான் மற்றதையும் சொன்னான். மச்சான் நேற்று விடிந்ததும் பிக்-அப்பை எடுத்துக்கொண்டு, காவல் சாவடி இருக்கும் தார் ரோட்டை விட்டுவிட்டு, வாதியின் பின்வழியாக ஊருக்குப் போய்விட்டாராம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் கூட. "நீங்கதான் சரின்னு சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று ஜாபிர் என்னிடமே சொல்கிறான். நீ தடுத்தாயா இல்லையா என்று கேட்க மாட்டேன். தடுத்திருப்பாய். அவர் என் கடிதத்தையே உன்னிடம் காட்டியிருப்பார்.

தலைவரின் மேசைக்கும் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது. யாரோ படம் எடுத்து, அது கைக்குக் கை மாறி அதிகாரி வரை போயிருக்கிறது. "இது உன் கையெழுத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாம இன்னும் எதுவுமே சொல்லலையேப்பா. நீ உங்க அக்காவுக்குத் தனியா அறிக்கை விட்டுட்டியா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நேற்று மாலையிலிருந்து நடுக்கங்கள் இதுவரை இல்லாத அளவுக்கு மேலே வந்திருக்கின்றன. ஊருக்கு வடக்கே ரோடு பிளந்திருக்கிறது. பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காதே. நான் சொல்லும் அர்த்தம் உங்களிடம் வந்து சேரும்போது என்னவாக ஆகிறது என்று பார்த்துவிட்டேன்.

காவலர்கள் போய் மச்சானையும் மற்றவர்களையும் அழைத்து வருவார்கள், நான் முகாமை விட்டு நகரக் கூடாது என்று தலைவர் சொல்லியிருக்கிறார். காவலர் வண்டி இன்னும் வரவில்லை. நான் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. குழம்பு வரும் என்று தெரிந்திருந்தால் இவ்வளவு பயம் இருக்காது. இதை யாருக்கும் படித்துக் காட்டாதே.

முக்பில்


தலைநகர் செல்லும் வழியில், ஓய்வு விடுதி,
ஞாயிற்றுக்கிழமை

என் அருமை அக்கா சல்ஹாவுக்கு, சாந்தியும் நலமும் உன் வீட்டுக்குள் நுழையட்டும். வீட்டுக்குள் என்று எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது. இத்தனை வாரம் கழித்து நீங்கள் எல்லோரும் உவைனாவுக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சமையலறைச் சுவரில் விழுந்த விரிசலைச் சும்மா பூசி மறைக்காமல், இடித்துக் கட்டச் சொல்.

மச்சான் அன்று நடந்ததைத் தினமும் கூடத்தில் சொல்கிறாராம், ஜாபிர் எனக்கு நடித்தே காட்டினான். "தரை பொளந்துச்சு. நம்ம முக்பில் அசரலை. குனிஞ்சு மண்ணுல கையை வச்சான், கண்ணை மூடிக் கேட்டான், 'நின்னுடுச்சு மச்சான், வாங்க'ன்னான்." இதைக் கேட்டு ஒரு ஆடும் அறுத்தீர்களாம். அதனால் நடந்ததை எழுதுகிறேன். இந்த முறை தாராளமாக எல்லோருக்கும் படித்துக் காட்டு.

நான் தோட்டத்துக்குப் போனபோது மற்ற மூன்று பேரும் ஏற்கெனவே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் நடுக்கத்திலேயே அவர்களுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. மச்சான் மட்டும் மரத்தின் மேல் இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு பாளையைக் கட்டிக்கொண்டிருந்தார். இறங்கி வாங்க மச்சான் என்றேன். "இன்னும் ரெண்டு மரம்தான் தம்பி. நீ போயி வண்டியில உக்காரு" என்றார். அடியில் என்ன நடக்கிறது என்று தெரியுமா என்று கத்தினேன். அவர் நாரை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "நீதானே எழுதினே, நின்னுடும்னு" என்றார்.

அதே கடிதத்தில் கூடாது என்றும் எழுதினேனே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "அது உங்க அக்காவுக்குச் சொன்ன சமாதானம்டா. தம்பின்னா அக்கா புருஷன் பத்திரமா இருக்கணும்னுதான் சொல்லுவான். கல்லைப் பத்தி எழுதினியே, அதுதான் உன் படிப்பு. நான் உன் படிப்பைத்தான் நம்பினேன்."

அவர் சொன்னது தப்பென்று எனக்குப் படவில்லை. அவர் அடுத்த முடிச்சைப் போடும்போதே அந்தப் பெரிய நடுக்கம் வந்தது. தோட்டத்து மதில் விழுந்தது. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து திரும்பின. எனக்கும் மச்சானுடைய மரத்துக்கும் நடுவே தரை கிழிந்துகொண்டு போயிற்று, கால் நுழையும் அகலத்துக்கு. அதிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மண்ணில் கை ஊன்றியது விழாமல் இருப்பதற்காக. கண்ணை மூடியது பார்க்கப் பயந்து. வாங்க மச்சான் என்று மட்டும்தான் சொன்னேன், அதுவும் அழுகிற குரலில். நின்றுவிட்டது என்று நான் சொல்லவே இல்லை. அவர் வெளிறிப்போய் இறங்கிவந்தார், இரண்டு மரத்தையும் அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் நடுக்கங்கள் குறைந்தன, ஆழத்துக்கும் போயின. குழம்பு மேலே வரும் வலு இழந்து நின்றுவிட்டது என்பதுதான் குழுவின் முடிவு. நானும் கையெழுத்துப் போட்டேன். உங்கள் தோட்டத்துக்குக் கீழே அது இப்போது ஓரத்திலிருந்து இறுகிக்கொண்டிருக்கும், பக்கத்துக் கல்லை ஒரு சாண் வேகவைத்துக்கொண்டிருக்கும். நம் பேரன் பேத்திகளின் காலத்திலும் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஏன் நின்றது என்று கேட்டால் மூன்று காரணம் சொல்வேன். மூன்றில் எது என்று எனக்குத் தெரியாது.

என்னைத் தலைநகரில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இனி மற்றவர்கள் வெட்டி அனுப்பும் கல்லைத் தேய்த்துப் பார்ப்பதுதான் வேலை. அங்கே தேய்ப்பதற்கு இயந்திரம் இருக்கிறது, விரலாவது மிஞ்சும். நம் ஊர்ப் பக்கம் வர எனக்கு இனிமேல் உத்தியோகக் காரணம் எதுவும் இல்லை. ஈத் பெருநாளுக்கு வருவேன்.

என் இடத்துக்கு முஃப்ரிஹ் என்று ஒருவர் வருகிறார், அஸீர் மலைப் பக்கத்து ஆள். ஊர் எல்லையில் நடுக்கத்தை அளக்கும் நான்கு கருவிகளைப் புதைத்துவிட்டு, வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். நல்ல வேலைக்காரர், பேச்சு குறைவு. அடுப்புச் சுவர், கதவு என்றெல்லாம் உவமை சொல்லி விளக்க அவருக்கு வராது. நம் ஊரில் அவருக்கு அக்காவும் இல்லை. அது ஒரு வகையில் நல்லதுதான்.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். தெரியாமல் சொன்னது பலித்துவிட்டது, அக்கா. அந்த ஆட்டை அறுத்ததும் ஏதோ ஒரு குழந்தைக்கு என் பெயரை வைத்ததும் கேட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் பேச்சு பொய்த்திருந்தால் இப்போது ஊர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும், திட்டிக்கொண்டே அடுத்த முறை கிளம்பிவிடும். பலித்ததால் இனி யார் வந்து கிளம்பு என்றாலும், போன தடவை முக்பில் சொன்னபடி நின்றதே என்பீர்கள்.

ஒரு நாள் முஃப்ரிஹோ அவருக்குப் பின்னால் வருகிறவரோ உன் வாசலில் வந்து நின்று, போய்விடுங்கள் என்று சொல்வார். அது அடுத்த வருஷமாகவும் இருக்கலாம், ஹுஸ்னா பாட்டியான பிறகும் இருக்கலாம். அப்போது நான் எழுதிய எதையும் எடுத்துப் படிக்காதே. அவரிடம் காரணம் கேட்காதே. காரணம் சொன்னால் அதில் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள், நானும் அப்படித்தான் செய்வேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீ முதலில் வண்டியில் ஏறு. நீ ஏறினால் மச்சான் திட்டிக்கொண்டே ஏறுவார். அவர் ஏறினால் ஊர் ஏறும். ஹுஸ்னாவுக்கும் இதைச் சொல்லி வளர்த்துவிடு, அவள் தன் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

உன்னைக் காப்பாற்றும்படி ஒவ்வொரு தொழுகையிலும் இறைவனிடம் கேட்கிறேன். நீயும் அவனுக்குக் கொஞ்சம் உதவி செய், அக்கா. சொன்னதும் கிளம்பிவிடு.

உன் தம்பி,
முக்பில்